பிளிக்கர்ஸ்: 37 பிள்ளைகள், ஒரே ஒரு போன்

எட்டாம் வகுப்பில் எனக்கு 37 பேர். பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது, கொண்டுவரலாம் என்றாலும் பாதிப் பேர் வீட்டில் இருக்கிற ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ஆங்கில ஆசிரியர் பயிற்சிகளில் கஹூட்டைக் காட்டி ஆசையைக் கிளப்பிவிடுவார்கள். நார்வேக்காரர்கள் 2013இல் கொண்டுவந்த வினாடி வினா, நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளைக்கொரு திரை வேண்டும், குழுவுக்கு ஒன்றாவது வேண்டும். அதிலும் சட்டென்று தொட்டவருக்குத்தான் புள்ளி அதிகம். என் வகுப்பில் யோசித்துச் சொல்கிறவர்கள்தான் நிறைய.

பிளிக்கர்ஸ் என்ற ஆப்பில் போன் டீச்சரிடம் மட்டும். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு எண் போட்ட அட்டை. நடுவில் கறுப்புக் கட்டம், நான்கு பக்கமும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. கேள்வியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால், அவரவர் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். கேமராவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு சுற்றுக் காட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று பெயரோடு வந்துவிடும். அட்டைக்கு அட்டை உருவம் வேறு என்பதால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அப்படியே திருப்பிவைத்தும் பயனில்லை. என் கடைசி பெஞ்ச் மேதைகளுக்கு இது புரிய இரண்டு நாள் ஆனது.

முதலில் இன், ஆன், அட் கேட்டேன். நமக்குப் பெட்டியில், மேசையில், வாசலில் எல்லாமே ஒரே ‘இல்’. அங்கே அது மூன்றாகப் பிரிகிறது. இத்தனை வருடமும் நடத்தி முடித்து, “புரிஞ்சுதா?” என்று கேட்டு, “புரிஞ்சுது டீச்சர்” என்ற கோரஸை நம்பி அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். மேசைமேல் பந்து இருக்கிற வாக்கியத்துக்கு 34 பேர் சரி. பிறந்தநாள் திங்கட்கிழமை வருகிறது என்ற வாக்கியத்துக்கு 22 பேர் ‘இன்’! மறுநாள் மேசையையும் பந்தையும் விட்டுவிட்டு, கிழமைக்கும் தேதிக்கும் ஆன், மாதத்துக்கும் வருடத்துக்கும் இன், மணிக்கு அட் என்று அதை மட்டும் நடத்தினேன். அடுத்த வாரம் வேறு வாக்கியம் கொடுத்தபோது தவறியவர்கள் 6 பேர்.

19ஆம் அட்டைக்காரி வாயே திறக்க மாட்டாள். எழுப்பிக் கேட்டால் கண் கலங்கிவிடும். அவள் பெயருக்கு எதிரே ஐந்துக்கு ஐந்தும் பச்சை. எட்டு மாதமாக அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தது நான்தான்.

பிளிக்கர்ஸ் பேசவைக்காது, ஒரு வாக்கியம்கூட எழுதவைக்காது. நான்கில் ஒன்றைத் தேர்வதோடு சரி. பிரிபொசிஷனுக்கும் டென்ஸுக்கும் ஆகும், பேச்சுப் பயிற்சிக்கு நம்பினால் ஏமாந்துபோவோம். இலவசக் கணக்கில் ஒரு தொகுப்புக்கு 5 கேள்விதான். எனக்கு அது குறையாகப் படவில்லை, அதற்கு மேல் போனால் பிள்ளைகளுக்குப் பரீட்சை வாசனை அடித்துவிடும். நெட் வேண்டும், அது என் சொந்த டேட்டா. விரல் கட்டத்தை மறைத்தால் கேமரா படிக்காது, ஆகவே “விரலை எடுடா” என்று ஒரு பீரியடுக்குப் பத்துத் தடவையாவது கத்த வேண்டியிருக்கும்.

அட்டைகளைப் பிளிக்கர்ஸ் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தாளுக்கு 2 வீதம் 40 அட்டையை ஜெராக்ஸ் கடையில் கனத்த தாளில் எடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசைப்பட்டுப் பளபளவென்று லேமினேஷன் போட்டேன். வெளிச்சம் பட்டு மின்னியதில் ஜன்னலோரம் 5 பேரின் விடை பதியவே இல்லை. இப்போது ஆங்கில பீரியடில் மட்டும் அவர்களுக்கு இடம் வேறு. கரண்ட் போனால் அட்டைகள் விசிறியாகிவிடுகின்றன. அப்படி விசிறி விசிறியே 31ஆம் எண் மடங்கிப்போனது. அந்த ஒரு தாளை மட்டும் மறுபடி எடுத்தேன், லேமினேஷன் இல்லாமல்.