மாமா தந்த காரும் நான் பிரித்துப் பார்க்காத கொப்பியும்

போன கிழமை என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணை, அத்தான் தன்ர காரைத் தாறன் எண்டு நிக்கிறார். எடுக்கட்டோ?" எடுக்கலாம், ஆனால் சாவியை வாங்குவதற்கு முன் என் கதையைக் கேள் என்று இருத்தி வைத்துச் சொன்னேன். சொந்தத்துக்குள் வாகனம் மாறுவது இப்போது வன்னியில் வழக்கமாகிவிட்டது. அதனால் இங்கேயும் எழுதுகிறேன்.

என் தாய்மாமா முரசுமோட்டையில் இருந்தவர். 2021இல் வவுனியாவுக்கு இடம் மாறும்போது ஆல்டோ காரை எனக்குத் தருவதாகச் சொன்னார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபிறகு பழைய கார்களெல்லாம் பொன் விலை விற்ற நேரம் அது. "வெளியில குடுத்தா பதினெட்டு லட்சத்துக்குப் போகும். நீ பன்னிரண்டைத் தா, அக்காவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக உதவும்" என்றார். அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

2009 சித்திரையில் புதுமாத்தளனில் இருந்து வெளிக்கிடும்போது, நடக்க ஏலாமல் கிடந்த அம்மாவை இடுப்பளவு தண்ணிக்குள்ளால் தோளில் தூக்கி வந்தது அந்த மாமாதான். அப்படிப்பட்ட மனிதரிடம் "காரின்ர பதிவுப் புத்தகத்தின்ர ஒரிஜினலைக் காட்டுங்கோ" என்று எந்த வாயால் கேட்பது? கேட்கவில்லை. ஓப்பன் பேப்பரில், அதாவது வாங்குபவரின் பெயர் எழுதாத பெயர் மாற்றப் படிவத்தில், கையெழுத்துப் போட்டுத் தந்தார். கூடவே அந்தப் பதிவுப் புத்தகத்தின், அதாவது சீ.ஆரின், நாலாக மடித்த போட்டோக்கொப்பி ஒன்று. வாங்கி டாஷ்போர்ட்டுக்குள் வைத்தேன். அவ்வளவுதான் நான் பார்த்த பேப்பர் வேலை.

பழைய காருக்கு மாமா ஃபுல் இன்சூரன்ஸ் கட்டி வைத்திருந்தார். எவ்வளவு கவனமான ஆள் என்று நினைத்தேன். லீசிங்கில், அதாவது கம்பனிக் காசில் எடுத்துத் தவணையாகக் கட்டும் முறையில், இருக்கும் வாகனத்துக்கு ஃபுல் இன்சூரன்ஸை அந்தக் கம்பனிக்காரர் விடாப்பிடியாகக் கேட்பார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முதல் மாரி மழைக்கே காருக்குள் குளத்துச் சேற்று மணம் வந்தது. இடது சிக்னல் தானாக எரியத் தொடங்கியது. கிளிநொச்சியில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் பொனற்றைத் திறக்கவே இல்லை. டிரைவர் சீற் பெல்ட்டைப் பிடித்துக் கடைசிவரை இழுத்தார். வழமையாக உள்ளே சுருண்டு கிடக்கும் அந்தக் கடைசி முழம் மண்ணிறமாய், காய்ந்த சேறு பொருக்கு வெடித்துப்போய் வந்தது. பிறகு ஸ்பெயார் வீலைத் தூக்கினார். குழிக்குள் குருமணலும் நாலைந்து வைக்கல் துண்டுகளும். சீற் ஆணிகளில் துரு. "இது வெள்ளத்துக்குள்ள நிண்ட சாமான் தம்பி" என்றார்.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தபோது முரசுமோட்டைப் பக்கம் என்ன பாடு பட்டது என்று எனக்குத் தெரியும். மாமா வீட்டுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டு போனதே நான்தான். அப்போது கார் எங்கே நின்றது என்று மட்டும் யோசிக்கவில்லை.

அது சின்ன அடி. 2022 ஜூலையில், பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுத்த கியூஆர் முறைக்குப் பதியக் காரின் செசி நம்பர் தேவைப்பட்டது. அன்றைக்குத்தான் அந்தக் கொப்பியை முழுதாக விரித்தேன். பதிவு உரிமையாளர் மாமா, சரி. கொஞ்சம் கீழே, முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு லீசிங் கம்பனியின் பெயர். காசு முடியும்வரை ஒரிஜினல் அவர்களிடம்தான் இருக்கும், கையில் கொப்பிதான் தருவார்கள். அந்தக் கொப்பியை வைத்தே வருசா வருசம் ரெவனியூ லைசன்ஸ் எடுக்கலாம். அதனால்தான் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

மாமாவுக்குப் போன் எடுத்தேன். "மூண்டு கட்டுக்காசுதான் மிச்சமடா, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். கம்பனிக்குப் போய்க் கேட்டால், கொரோனாக் காலத்தில் கட்டாமல் விட்டதும் வட்டியுமாக நாலு லட்சத்து அறுபதாயிரம். இனியும் இழுத்தால் றோட்டில் மறித்து சீஸ் பண்ணுவோம் என்று கவுண்டரில் இருந்த பெடியன் மரியாதையாகத்தான் சொன்னான். மனிசியின் தாலிக்கொடியை அடைவு வைத்துக் கட்டி, கம்பனியின் பெயரை நீக்கி, ஒரிஜினலைக் கையில் எடுத்தபிறகுதான் என் பெயருக்கு மாற்ற வழி பிறந்தது.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். அத்தானிடம் ஒரிஜினலைக் கேள். லீசிங்கில் என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு கம்பனிக்குப் போய், மிச்சம் எவ்வளவு என்று கடிதத்தில் எடு. உன் காசை அத்தானிடம் கொடுக்காமல் அந்தக் கவுண்டரிலேயே கட்டு. ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார். அத்தான் கோவித்தால் ஒரு மாதம் கோவிப்பார். நான் மாமாவோடு மனதுக்குள் கோவித்து மூன்று வருசமாகிறது, அவருக்கு அது தெரியவும் தெரியாது.

அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. பொங்கலுக்கு வந்த மாமா முற்றத்தில் நின்ற காரைத் தட்டி, "எப்பிடியடா ஓடுது?" என்று கேட்டார். அம்மா பக்கத்தில் நின்றா. நல்லா ஓடுது மாமா என்றேன்.