நூறு ஏக்கரைப் பிரிக்க மூன்று வழிகள்: மண் எதற்கு ஒத்துவரும்?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பாதாளச் சாக்கடை எட்டாத கிராமப்புறத்தில் 100 ஏக்கர் பண்ணை ஒன்று மனைகளாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 ஏக்கருக்கு ஒரு வீடு என்று விதி இருந்தால் மொத்தம் 20 வீடுகள். அவற்றை எங்கே வைப்பது?

பழைய வழியில் 5 ஏக்கர் வீதம் 20 மனைகள். மனை பெரிதாக இருந்தால் கழிவுநீரால் தொல்லை வராது என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. செப்டிக் டேங்கிலிருந்து வரும் நீரைச் சுத்தப்படுத்துவது வடிகால் குழாய்க்குக் கீழே இருக்கும் சில அடி மண்தான். மேரிலாந்தில் ஒரு வீட்டின் வடிகாலுக்கு 10,000 சதுர அடி நல்ல மண் ஒதுக்க வேண்டும். முதல் வடிகால் பழுதானால் அடுத்தது போடவும் அதே இடம்தான். குழி தோண்டி நீர் ஊற்றிப் பார்க்கும் பெர்க் சோதனையில் நீர் ஓர் அங்குலம் இறங்க 2 முதல் 30 நிமிடம் ஆகலாம். வேகமாக இறங்கினால் சரியாக வடிகட்டப்படாமலே நிலத்தடி நீரில் கலக்கும். மிக மெதுவாக இறங்கினால் மேலே தேங்கும். களிமண்ணில் 5 ஏக்கர் இருந்து என்ன பயன்? நல்ல மண் திட்டுத் திட்டாகத்தான் கிடைக்கும். அதை எட்டிப் பிடிக்க மனை எல்லைகளை வால்போல நீட்டி வரைகிறார்கள். மிஞ்சும் புல்தரையோ வீட்டுக்காரர் பராமரிக்க அதிகம், விவசாயி உழக் குறைவு.

இரண்டாவது, ராண்டல் அரெண்ட் என்ற அமெரிக்க நிலத் திட்டமிடுநர் 1990களில் பரவலாக்கிய பாதுகாப்பு மனைப்பிரிவு. இதில் வேலையின் வரிசையே தலைகீழ். முதலில் காக்க வேண்டிய ஓடை, காடு, வயல், அப்புறம் வீடுகள், பிறகு சாலை, மனை எல்லை கடைசியில்தான். அதே 20 வீடுகள் ஒவ்வொன்றும் ஒரு ஏக்கரில் அடங்கிவிட்டால் பாதிக்கு மேல் நிலம் கட்டடமில்லாமல் நிற்கும். வீடுகளை நல்ல மண் உள்ள பக்கம் நகர்த்தலாம். விதி இடம் கொடுத்தால் வடிகாலைப் பொது வெளியில்கூட வைக்கலாம். எனக்கு இந்த முறையில் பிடித்ததே இதுதான்.

ஆனால் 20 என்ற எண்ணிக்கையை எப்படி எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். பழைய முறையில் பெர்க் சோதனை அந்த நிலத்தில் 12 மனைகளைத்தான் தேற்றியிருக்கும் என்றால், வெறும் வகுத்தல் கணக்கில் 20 கொடுப்பது பாதுகாப்பின் பெயரில் 8 வீடுகளைத் தூக்கிக் கொடுப்பதுதான். இன்னொரு சங்கடம், நன்றாக வடியும் ஆழமான மண்ணே பயிருக்கும் உகந்த மண், வீடுகள் அதைத்தான் பிடிக்கும். கழிவுநீரில் உள்ள நைட்ரஜனும் குறையாது. சாதாரண செப்டிக் அமைப்பு அதைப் பெரிதாக நீக்குவதில்லை. 20 வீடுகளின் நைட்ரஜன், வீடுகள் எப்படி நின்றாலும், நிலத்தடி நீர் வழியே மேரிலாந்தை ஒட்டிய செசபீக் விரிகுடாவை நோக்கித்தான் போகும்.

மூன்றாவது, மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது) 1980இல் எடுத்த வழி. கவுன்ட்டியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கான 93,000 ஏக்கரை வேளாண் காப்புப் பகுதியாக்கி, 25 ஏக்கருக்கு ஒரு வீடு என்று வரம்பு வைத்தார்கள். ஆனால் 5 ஏக்கருக்கு ஒன்று என்ற உரிமையைப் பறிக்கவில்லை. நம் 100 ஏக்கரில் 4 வீடுகள் கட்டலாம். மீதி 16 உரிமைகளை நகர்ப்பக்கம் கட்டுபவர்களுக்கு விற்கலாம். அந்த வீடுகள் சாக்கடை வசதி உள்ள இடத்தில் எழும். 2012இல் மாநிலமே சட்டம் போட்டு, பாதுகாப்புக்கென ஒதுக்கிய நான்காம் அடுக்குப் பகுதிகளில் செப்டிக்கை நம்பிய பெரிய மனைப்பிரிவுகளைத் தடுத்தது.

உழவு உயிரோடு இருக்கும் இடத்துக்கு நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். ஏற்கெனவே துண்டுபட்ட நிலம், உரிமையை வாங்க ஆளில்லாத கவுன்ட்டி என்றால் இரண்டாவது சரி. அங்கேயும் வீடுகளின் எண்ணிக்கையை முடிவுசெய்யும் முன்பே சோதனைக் குழிகளைத் தோண்டிவிட வேண்டும். அதுவும் நிலத்தடி நீர் உயர்ந்து நிற்கும் குளிர்கால இறுதியிலோ வசந்தத் தொடக்கத்திலோ தோண்ட வேண்டும். கோடையில் காய்ந்து கிடக்கும் குழியைப் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது.