முழங்கால் மாற்றச் சென்னை போகிறவர்கள் கவனம்: பாக்கேஜ் காசை ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள்

1,85,000 இந்திய ரூபாய். இலங்கைக் காசில் ஏறக்குறைய ஆறரை லட்சம். ஒரே சத்திரசிகிச்சைக்கு இரண்டு தரம் வாங்கப்பட்ட காசு இது. முதல் தரம் கொழும்பில் ஏஜென்ட் வாங்கினான். இரண்டாம் தரம் சென்னையில், அம்மா தையலோடு சக்கர நாற்காலியில் இருக்க, ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் கட்ட வேண்டி வந்தது. இங்கேயிருந்து மாதா மாதம் எத்தனையோ பேர் முழங்கால் மாற்றப் போகிறார்கள். காசு கட்ட முதல் இதை ஒருக்கா வாசியுங்கள்.

பெயர் போடவில்லை. இந்தியாவுக்கு நோயாளிகளை அனுப்பும் ஏஜென்சி. அவர்கள் சொன்ன பாக்கேஜ் 14,50,000 இலங்கை ரூபாய். ஒரு முழங்கால், "தங்க மூட்டு", ஐந்து நாள் ஆஸ்பத்திரி, மூன்று கிழமை கெஸ்ட் ஹவுஸ், தினமும் பிசியோ, விமான நிலைய வாகனம், கூடப் போகிறவருக்கும் விசா. "அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம். அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு வாங்கோ, மிச்சம் எல்லாம் நாங்கள் பாப்பம்." இந்த வசனம் எல்லாரிடமும் சொல்லப்படுவது. பிறகு தெரிந்தது.

நம்ப வைத்தது வீடியோ அழைப்பு. வெள்ளைக் கோட்டோடு ஒருவர் வந்தார், பின்னால் ஆஸ்பத்திரிச் சின்னம். அனுப்பியிருந்த எக்ஸ்ரேயைப் பார்த்து, "குருத்தெலும்பு முழுக்கத் தேய்ந்துவிட்டது, இனித் தள்ளிப்போட வேண்டாம், இந்த மாதம் இரண்டு இடம்தான் இருக்கிறது" என்றார். அவர் வைத்தியரே இல்லை. ஏஜென்சிக்கு வேலை செய்யும் ஒருங்கிணைப்பாளர். அறுத்த சர்ஜன் அம்மாவை முதன்முதல் பார்த்தது சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் பின்னேரம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அனுப்பிய எக்ஸ்ரே படுத்துக்கொண்டு எடுத்தது. எலும்புகளுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி மிச்சம் என்பது உடல் பாரம் காலில் இறங்கினால்தான் சரியாகத் தெரியும். அதனால் முழங்கால் சர்ஜன் நின்றபடி எடுத்த எக்ஸ்ரே கேட்பார். கால் வளைவை அளந்து திட்டம் போட, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே படமும் பலர் கேட்பார்கள். சீனி வருத்தக்காரர் என்றால் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) எவ்வளவு, இரத்தம் உறையாமல் இருக்க ஏதும் மாத்திரை எடுக்கிறாரா, பல்லில், தோலில், சிறுநீரில் கிருமித் தொற்று இருக்கிறதா என்று விசாரிப்பார். ஒன்றும் கேட்காமல் தேதி மட்டும் கேட்கிறவர் விற்பனைக்கு இருக்கிறவர்.

காசு கட்டியதற்குப் பற்றுச்சீட்டு தந்தார்கள். அதில் "பயண சேவை முற்பணம்" என்று மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரியின் பெயர் இல்லை, நோயாளியின் பெயர் இல்லை, மூட்டு என்ற சொல்லே இல்லை. ஏன் அப்படி எழுதினார்கள் என்பது டிஸ்சார்ஜ் அன்று விளங்கியது. ஆஸ்பத்திரியின் மொத்த பில் 2,85,000 இந்திய ரூபாய். ஏஜென்ட் கட்டியிருந்தது 1,00,000. மிச்சம் 1,85,000 கட்டினால்தான் கோப்பு தருவோம் என்றார்கள். பாக்கேஜ் பத்திரத்தைக் காட்டினால், "அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள ஒப்பந்தம், எங்களுக்கு வந்த காசு இவ்வளவுதான்" என்று கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார் பில் போடும் பெண். அவரில் பிழை சொல்ல முடியாது.

ஏஜென்டுக்கு எடுத்தால், "காசு போட்டாச்சு அக்கா, அவையின்ர எக்கவுண்ட்ஸில பிந்தித்தான் காட்டும்." போட்ட சீட்டை அனுப்பு என்றால், "இண்டைக்கு வங்கி லீவு." பிறகு, "நீங்கள் கட்டிப்போட்டு டிஸ்சார்ஜ் ஆகுங்கோ, இஞ்ச வந்தோண்ண கையில தாறன்." திரும்பி வந்து கேட்டால், "ஐயா வெளிநாட்டில." அதற்குப் பிறகு, "டொலர் ஏறினதால பாக்கேஜ் விலை கூடிட்டுது, அந்த வித்தியாசம்தான் அது." 1,85,000 இந்திய ரூபாய் வித்தியாசமா? இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு டிக் மட்டும்தான் விழுகிறது.

"தங்க மூட்டு" கதையும் சொல்ல வேண்டும். தங்க நிறத்தில் வருவது தங்கம் அல்ல, உலோகத்தின் மேல் போடும் டைட்டானியம் சார்ந்த நைட்ரைட் பூச்சு. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதைப் போட ஒரு காரணம் உண்டு. "முப்பது வருடம் உத்தரவாதம்" என்பது விற்பனைப் பேச்சு. சரி, காசு வாங்கின பிறகு அதையாவது போட்டார்களா? இல்லை. கோப்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களைப் பார்த்தால் வழக்கமான கோபால்ட் குரோமியம். அது நல்ல மூட்டுத்தான், உலகம் முழுக்கப் போடுவது. ஆனால் காசு வாங்கினது வேறு ஒன்றுக்கு.

இந்தியாவில் முழங்கால் மூட்டுகளுக்கு அரசின் விலை உச்சவரம்பு இருப்பது இங்கே பலருக்குத் தெரியாது. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் கொண்டுவந்தது. அப்போது வைத்த வரம்பு, கோபால்ட் குரோமியம் முழுத் தொகுதிக்கு 54,720 ரூபாய், டைட்டானியம் அல்லது ஆக்சிடைஸ்ட் சிர்கோனியத்துக்கு 76,600 ரூபாய், இவற்றுக்கு மேல் ஜிஎஸ்டி வரி. மூட்டின் விலையையும் தயாரிப்பாளர், பிராண்ட், பேட்ச் இலக்கத்தையும் பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்பதும் அந்த ஆணையில் இருக்கிறது. "இறக்குமதி மூட்டு, மூன்று லட்சம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழும்பி வாருங்கள்.

உள்ளே போடும் மூட்டு ஒரே துண்டு அல்ல: தொடை எலும்பில் ஒரு துண்டு, கால் எலும்பில் தட்டு, நடுவில் பிளாஸ்டிக், சில பேருக்குச் சில்லெலும்பில் ஒரு பட்டன். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டிக்கர். எல்லாவற்றுக்கும் பிரதி வாங்குங்கள். பத்து வருடத்தில் பிளாஸ்டிக் தேய்ந்து அதை மட்டும் மாற்ற வேண்டி வந்தால், அதே தயாரிப்பாளரின் பொருந்தும் அளவுதான் பூட்டும். ஸ்டிக்கர் இல்லாவிட்டால் சர்ஜனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது.

பிசியோ விடயம்தான் இன்னும் வயிறெரிகிறது. காசு போனால் உழைக்கலாம், மடங்காத காலை என்ன செய்வது? மூட்டு எவ்வளவு நன்றாகப் போட்டாலும், முதல் கிழமைகளில் மடக்கி நீட்டாவிட்டால் உள்ளே தழும்புத் திசு வளர்ந்து இறுகிவிடும். இரண்டு கிழமையில் 90 பாகை மடங்க வேண்டும், முழுதாக நேராகவும் நீள வேண்டும். நீளாவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கெந்தி நடைதான். "தினமும் பிசியோ" என்று எழுதித் தந்த இடத்தில் வந்தது ஒரு பெடியன். இடைக்கிடை வருவான், கால் மணித்தியாலம் காலை அசைப்பான், படம் எடுப்பான், போய்விடுவான். கோணம் அளக்கும் கருவி கையில் இல்லை. வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணித்தியாலம் முதல் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை, பயிற்சி முடிய 15, 20 நிமிடம் துணி சுற்றிய ஐஸ் வைக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்கச் சொன்னான்! அதுதான் செய்யவே கூடாதது. கால் மடங்கியபடியே இறுகும். வைப்பதென்றால் குதிக்காலுக்குக் கீழேதான்.

கெஸ்ட் ஹவுஸ் இரண்டாம் மாடி, லிப்ட் இல்லை, கொமோட் தாழ்ந்தது. வோக்கரோடு இருக்கிறவருக்கு உயர்ந்த கொமோட், கைபிடி, கை வைத்த உயரமான நாற்காலி மூன்றும் இல்லாமல் முடியாது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள் குடிவரவுக்குப் பதிய வேண்டும். அதையும் செய்யவில்லை.

மூன்று கிழமையில் அம்மாவின் கால் மடங்கினது 70 பாகைதான். இப்போது இங்கே நல்ல பிசியோவிடம் போகிறோம். கால் மடங்கி வராவிட்டால் மயக்க மருந்து கொடுத்து மடக்க வேண்டும் என்கிறார் வைத்தியர். அதற்கு வேறு செலவு.

போக இருக்கிறவர்களுக்கு எழுத நிறைய இருக்கிறது, இப்போதைக்கு அவசரமாகச் சில.

காசை ஆஸ்பத்திரியின் சொந்தக் கணக்குக்கு வங்கி மூலம் மட்டும் அனுப்புங்கள். உண்டியல் (வங்கி இல்லாமல் ஆள் மூலம் காசு மாற்றுவது) வேண்டாம். வெளிநாட்டு நோயாளர் பிரிவுக்கு நீங்களே எழுதி, மூட்டின் பிராண்ட் போட்ட மதிப்பீட்டை ஆஸ்பத்திரி மின்னஞ்சலில் இருந்து வாங்குங்கள். மெடிக்கல் விசாவில் போங்கள். "டூரிஸ்ட் போதும்" என்பவனை நம்ப வேண்டாம்.

கெண்டைக்கால் வீங்கி நொந்தால், திடீரென்று மூச்சு முட்டினால் இரத்தக் கட்டியாக இருக்கலாம், அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்தைச் சொன்ன நாள் வரை நிறுத்த வேண்டாம், எப்போது பறக்கலாம் என்பதைச் சர்ஜனிடம் எழுத்தில் வாங்குங்கள். யாழ்ப்பாணம் பலாலிக்கு வரும் சின்ன விமானத்தில் கால் நீட்ட இடம் குறைவு, முன்னமே சொல்லி நடைபாதை ஓர இருக்கை எடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு காயம் சிவந்து ஊறினால் பக்கத்து டிஸ்பென்சரியில் ஆன்டிபயோட்டிக் வாங்கிப் போட வேண்டாம். முதலில் மூட்டுக்குள் இருக்கும் தண்ணியை ஆஸ்பத்திரியில் எடுத்துச் சோதிக்க வேண்டும். மருந்து போட்டுவிட்டால் கிருமி பிடிபடாமல் போகும்.

பொலிஸில் முறைப்பாடு போட்டாயிற்று, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லியாயிற்று. இதே மாதிரி பற்றுச்சீட்டில் "பயண சேவை முற்பணம்" என்று வாங்கி வைத்திருக்கிறவர்கள் இருந்தால், டிக்கெட் போட முதல் ஆஸ்பத்திரிக்கு நேரே எடுத்து, உங்கள் பெயரில் எவ்வளவு காசு வந்திருக்கிறது என்று கேளுங்கள். இன்றைக்கே கேளுங்கள்.