மணி 9:46: வின் ஸ்கல்லியின் வானொலிப் பதிவு

1965 செப்டம்பர் 9 அன்று லாஸ் ஏஞ்சலீஸின் டாட்ஜர் மைதானத்தில் நடந்த பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் வர்ணனை இணையத்தில் இலவசமாகவே கேட்கக் கிடைக்கிறது. வர்ணித்தவர் வின் ஸ்கல்லி. டாட்ஜர்ஸ் அணி நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்தபோது 1950-இல் வர்ணனையாளராகச் சேர்ந்து, அணி 1958-இல் லாஸ் ஏஞ்சலீஸுக்குக் குடிபெயர்ந்தபோது தானும் உடன் சென்று, 2016 வரை 67 பருவங்கள் அதன் குரலாக இருந்தவர். அவரை எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பதிவையே சொல்வேன்.

பந்து வீசுபவர் சாண்டி கோஃபாக்ஸ். சிகாகோ கப்ஸ் அணியின் 24 பேரை வரிசையாக வெளியேற்றிவிட்டார். மட்டையாளர் ஓடிச் சேர வேண்டிய முதல் தளத்தை (first base) ஒருவர்கூட எட்டவில்லை. இன்னும் மூவர்தான் மிச்சம்; அவர்களையும் வெளியேற்றிவிட்டால், பேஸ்பாலில் மிக அரிதான ‘பெர்ஃபெக்ட் கேம்’ அவர் வசமாகும். பேஸ்பால் விதிகள் தெரியாதவருக்கு இவ்வளவு தெரிந்தாலே போதும், ஏனென்றால் ஸ்கல்லி விதிகளை விட்டுவிட்டு மனிதர்களைக் காட்டுகிறார். கோஃபாக்ஸ் தொப்பியைக் கழற்றிக் கறுத்த முடியைக் கோதிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்கிறார். எதிரே நிற்கும் மட்டையாளர் பின்வாங்கிப் பெருமூச்சு விடுகிறார். உலகிலேயே தனிமையான இடம் இப்போது பந்து வீசும் அந்த மேடுதான் என்கிறார் ஸ்கல்லி. பக்கத்தில் நிபுணர் எவரையும் வைத்துக்கொள்ளாமல் தனியாகப் பேசுவது அவர் வழக்கம் என்பதால், அந்தச் சொற்கள் நேரே நம்மிடம் சொல்லப்படுவதுபோல் ஒலிக்கின்றன.

இடையிடையே மணியையும் தேதியையும் சொல்லிக்கொண்டே வருகிறார். முதல்முறை கேட்டபோது இது எனக்குச் சற்று மிகையாகப் பட்டது. கோஃபாக்ஸுக்கு நினைவாகக் கொடுப்பதற்கென்றே அந்த இன்னிங்ஸ் பதிவு செய்யப்பட்டது என்று பிறகு அறிந்தபோதுதான், வானொலி நேயருக்குத் தேவையில்லாத தேதி அதில் ஏன் இருக்கிறது என்பது புரிந்தது. கடைசி மட்டையாளர் ஹார்வி கீன் வெளியேறியதும் ஸ்கல்லி பேச்சை நிறுத்திவிடுகிறார். அரை நிமிடத்துக்கும் மேலாகக் கூட்டத்தின் ஆரவாரம் மட்டுமே கேட்கிறது. அதன் பிறகே இரவு மணி 9:46 என்றும், வந்திருப்போர் 29,139 பேர் என்றும் அறிவிக்கிறார். சிறுவயதில் வீட்டு வானொலிப் பெட்டிக்கு அடியில் புகுந்து படுத்துக்கொண்டு, ஒலிபெருக்கியிலிருந்து கொட்டும் ஆரவாரத்தில் நனைந்தவர் அவர். தான் பெற்ற சுகத்தை நேயருக்கும் விட்டுக்கொடுக்கிறார்.

1974-இல் கறுப்பின வீரர் ஹாங்க் ஆரன் தன் 715-ஆவது ஹோம் ரன் (பந்தை மைதானச் சுவரைத் தாண்டி அடிப்பது) அடித்து, முந்தைய தலைமுறையின் நட்சத்திரம் பேப் ரூத்தின் ஹோம் ரன் சாதனையைக் கடந்தபோதும் இப்படியே மௌனம் காத்துவிட்டு, அமெரிக்கத் தென்பகுதியில் ஒரு கறுப்பினத்தவருக்குக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டுவதன் பொருளைச் சுருக்கமாகச் சொன்னார். அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டித் தொடரான உலகத் தொடரில் (World Series) 1988-இல் கால்களில் காயத்தோடு வந்த டாட்ஜர்ஸ் வீரர் கிர்க் கிப்சன் அடித்த ஹோம் ரன்னின் தொலைக்காட்சி வர்ணனை இவற்றைவிடப் புகழ்பெற்றது. எனக்கு அது ஒரு படி கீழேதான். அங்கே பாதி வேலையைப் படம் செய்துவிடுகிறது.

பதிவில் இரைச்சல் உண்டு. முந்தைய எட்டு இன்னிங்ஸ் இல்லாதது பெருங்குறை. வெற்றிக் கணத்தை மட்டும் வெட்டி எடுத்த துண்டுகளும் உலவுகின்றன. அவற்றைத் தவிர்த்து, கிறிஸ் க்ரூக் மட்டையோடு வரும் இடத்திலிருந்து தொடங்கும் முழு வடிவத்தைத் தேடிக் கேளுங்கள்; அந்த மௌனத்தின் கனம் அப்போதுதான் பிடிபடும்.