பழைய கணினிப் பாகங்களும் கேபிள்களும்: வைத்துக்கொள்வதா, கைமாற்றுவதா, கழிப்பதா?

கணினியை மாற்றியபின் மிஞ்சும் பாகங்களைப் பரணில் போட்டுவைக்கலாம், வேண்டியவருக்கு விற்கவோ கொடுக்கவோ செய்யலாம், இல்லையேல் மின்கழிவு மறுசுழற்சிக்கு அனுப்பலாம். இவற்றுள் எது சிறந்தது என்பதை, அந்தப் பாகம் பொருந்தும் கணினிகள் இன்னும் எத்தனை பேரிடம் இருக்கின்றன என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

கேபிள்களுக்கு வைத்துக்கொள்வதே பெரும்பாலும் சரியான வழி. மேசைக் கணினிக்கும் மானிட்டருக்கும் மின்சாரம் தரும் தடித்த கேபிளின் முனை பல்லாண்டுகளாக மாறவில்லை என்பதால், அதில் ஓரிரண்டு கூடுதலாக இருப்பது வீண் அல்ல. கணினியிலிருந்து திரைக்குப் படத்தை அனுப்ப 1987இல் வந்த விஜிஏ கேபிளில் பழைய புரொஜெக்டருக்காக ஒன்று போதும். பழைய வகை டிஸ்க்குகளை இணைக்கும், 40 துளைகள் கொண்ட பட்டையான ஐடிஇ கேபிளோ, அதற்குரிய டிஸ்க் கையில் இல்லையென்றால் வெறும் அடைசல்தான். கணினிக்குள் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பெட்டியான பவர் சப்ளையில், கழற்றி மாட்டும் வகையின் கேபிள்களை மட்டும் தனியே எடுத்துவைக்கக் கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளிணைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், வேறொரு பவர் சப்ளையில் செருகினால் டிஸ்க்கே கருகிவிடக்கூடும்.

கணினியின் தற்காலிக நினைவகமான ராமுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். மேசைக் கணினிக்கான டிடிஆர்3 ராமில் 240 தொடுமுனைகள், அடுத்த தலைமுறையான டிடிஆர்4 ராமில் 288. நடுவிலுள்ள வெட்டும் இடம் மாறியிருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. ஆகவே பழைய ராம் உதவுவது அதே தலைமுறைக் கணினியை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு மட்டுமே. அத்தகையோர் குறைந்துகொண்டே வருவதால், 'என்றாவது உதவும்' என்று வைத்திருப்பதைவிட இப்போதே கைமாற்றுவது மேல்.

டிஸ்க்குகளைக் கைமாற்றுவதில்தான் நிதானம் வேண்டும், ஏனெனில் கோப்புகளை அழிப்பதும் விரைவு ஃபார்மட் செய்வதும் தரவை உண்மையில் நீக்குவதில்லை. ஹார்டு டிஸ்க் என்றால் முழுவதையும் ஒருமுறை வேறு தரவால் மேலெழுத வேண்டும்; சுழலும் தட்டுக்குப் பதில் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் மேலெழுதுவது எல்லா இடத்தையும் எட்டாது என்பதால், அதற்கென உள்ள பாதுகாப்பான அழிப்புக் கட்டளையையே பயன்படுத்த வேண்டும். இவ்வளவு மெனக்கெட விரும்பாதவர், நல்ல நிலையிலுள்ள ஹார்டு டிஸ்க்கை யுஎஸ்பி உறையில் போட்டு இரண்டாம் காப்பு நகலுக்கு வைத்துக்கொள்ளலாம். எஸ்எஸ்டியை அப்படி ஆண்டுக்கணக்கில் மின்சாரம் தராமல் கிடப்பில் போட்டால், சேமித்த தரவு மெல்லச் சிதைய வாய்ப்புண்டு.

மின்தேக்கிகள் உப்பிய பவர் சப்ளை, வீங்கிய லித்தியம் பேட்டரி ஆகியவற்றுக்கு மறுசுழற்சி தவிர வேறு வழியே இல்லை. முன்னதைத் திறக்கவும் கூடாது, பின்னதைக் குப்பைத்தொட்டியில் போடவும் கூடாது. எடைக்குப் போடுவது எளிது, கையில் காசும் வரும். ஆனால் செம்புக்காகக் கேபிளின் பிவிசி உறையை எரிப்பவரிடம் அது போய்ச் சேர்ந்தால் டயாக்சின் என்ற கொடிய நஞ்சு காற்றில் கலக்கும் என்பதால், காசு வராவிட்டாலும் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.