டென்ஷனுக்கு கோச்சா, ஐகிரவுண்டா, 14416-ஆ?

பாளையங்கோட்டையில் பாடம் நடத்தும் ஆசிரியை, வீட்டிலிருந்தே சென்னை கம்பெனிக்கு வேலை பார்க்கும் பையன், டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, எல்லார் போனிலும் இப்போது மனஅழுத்தத்துக்கு கோச் விளம்பரம் வருகிறது. காசு கட்டிச் சேரலாமா, திருநெல்வேலி ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி, 14416 உதவி எண் என்று இலவசமாகக் கிடைப்பதே போதுமா?

கோச் சிகிச்சை தருகிறவர் இல்லை. இந்த வாரம் எதை மாற்றப் போகிறீர்கள் என்று கேட்பதுதான் அவர் வேலை. ராத்திரி பத்து மணிக்கும் மேனேஜர் வாட்ஸப்பில் வேலை சொல்கிறார், மறுக்க வாய் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். எந்த நேரத்தில், யார் பேச்சில் படபடப்பு தொடங்குகிறது என்று கோச் எழுதிவரச் சொல்வார். மேனேஜரிடம் சொல்ல வேண்டியதை உங்களையே யோசிக்கவைத்து, தன் முன்னாலேயே பேசிப் பார்க்கச் சொல்வார். அடுத்த வாரம், “சொன்னீங்களா?” என்பார். அந்தக் கேள்விக்குத்தான் காசு. அறிவுரை டீக்கடையிலேயே கிடைக்கும், விடாமல் கேட்கிற ஆள்தான் கிடைக்க மாட்டார்.

சிக்கல் என்னவென்றால், இங்கே யார் வேண்டுமானாலும் கோச் என்று போர்டு மாட்டலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும்; கோச்சுக்கு அப்படிச் சட்டம் இல்லை. சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் முதல் நிலைச் சான்றுக்கே 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும். சான்று இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் எதற்கு?

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் செலவில்லை. கூட்டம் உண்டு, டாக்டர் நிதானமாகப் பேச நேரம் குறைவு. சொந்தக்காரர் யாராவது பார்த்துவிட்டால் என்ற கூச்சம் வேறு. (சர்க்கரைக்கு வரிசையில் நிற்க யாரும் கூசுவதில்லை.) ஆனால் இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் கோச் பேச்சே வேண்டாம், நேராக அங்கேதான்.

டெலி மானஸ் என்பது அரசின் மனநல உதவி போன் சேவை, எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது. ராப்பகலாக, தமிழிலேயே, இலவசமாகப் பேசலாம். செத்துவிடலாம் என்று தோன்றும் ராத்திரியில் உடனே கூப்பிட வேண்டியது இதைத்தான். வாராவாரம் கூட இருந்து பழக்கத்தை மாற்ற இது போதாது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் சரக்கைப் பறிகொடுத்த கடைக்காரருக்கு முதலில் தேவைப்பட்டது கடனுக்குத் தவணை. அந்த இடத்தில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் கோச் எரிச்சலைத்தான் கூட்டுவார். கடனுக்கு வழி பிறந்து, கடையைத் திரும்பத் திறக்கும் தெம்பு மட்டும் வரவில்லை என்றால், அப்போது கோச் உதவலாம்.

என் கணக்கில், வேலைக்குப் போய்வர முடிகிறது, தூங்க முடிகிறது, ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொண்டிருக்கிறோம் என்கிறவர்களுக்கு கோச் சரி. சேரும் முன், “என்னை எப்போது டாக்டரிடம் அனுப்புவீங்க?” என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடலாம். வருடப் பேக்கேஜ் வேண்டாம், முதலில் நாலு அமர்வுக்கு மட்டும் கட்டுங்கள்.