தறிக் கூடத்தில் ஸ்மார்ட் மீட்டர்: தகவல் விடுபடாமல் வந்து சேர என்ன செய்தோம்

நகரி, ஏகாம்பரகுப்பம், சத்ரவாடா பக்கம் விசைத்தறிக் கூடங்களின் உப மீட்டர்களைப் பராமரிப்பது என் வேலை. எந்தக் கூடம் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பிரித்துப் பார்க்கக் கூடத்துக்கு ஒரு ஸ்மார்ட் மீட்டர். 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு, நாளைக்கு 96.

முதலில் மின்கம்பி வழியாகவே தகவல் போகும் பி.எல்.சி. முறை. சிம் செலவில்லை, தனிக் கம்பியும் வேண்டாம். தறிகள் நிற்கும்போது அருமையாக ஓடியது. தறி ஓட ஆரம்பித்ததும் மோட்டார் இரைச்சல் அதே கம்பியில் ஏறிப் பதிவுகள் விடுபடும். தறி ஓடும் இடத்துக்கு இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

அடுத்து 865 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ மெஷ். உரிமம் தேவையில்லாத அலைவரிசை. ஒரு மீட்டர் பக்கத்து மீட்டரின் தகவலையும் வாங்கிக் கைமாற்றும். இப்போதும் இதுதான் இருக்கிறது. ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்கு வெளியே எடுத்ததும் பாதித் தொல்லை தீர்ந்தது. மீதித் தொல்லை நேரத்தில் இருந்தது. கால் மணி ஆனதும் எல்லா மீட்டரும், தண்ணீர் விட்டதும் குழாயடியில் குடங்கள் முட்டுவதுபோல, ஒரே நேரத்தில் அனுப்பி மோதிக்கொள்ளும். மறுபடி அனுப்பும், மறுபடி மோதும். “அண்ணா, எங்க கூடத்துக் கணக்கு நேத்துலேர்ந்து நகரவே இல்லியே” என்று போன் வந்துகொண்டே இருக்கும்.

மீட்டர்களின் தகவலை எல்லாம் வாங்கிச் சேர்த்து மேலே அனுப்பும் பெட்டிதான் கேட்வே. அதை வேகமானதாக வாங்கச் சிலர் சொன்னார்கள்; அது தேவைப்படவில்லை. ஒரு பதிவு மிகச் சிறியது; நொடிக்கு 50 கிலோபிட்டே தாராளம். பதிவெடுக்கும் நேரத்தைத் தொடாமல், அனுப்பும் நேரத்தை மட்டும் மீட்டருக்கு மீட்டர் சில நொடி தள்ளி வைத்தோம். விடுபட்டதை மட்டும் கேட்வே பிறகு கேட்டு வாங்கும். காசு செலவில்லாமல் கிடைத்த பெரிய முன்னேற்றம் இதுதான். கைமாற்றும் மீட்டர் ஒரே ரேடியோவில் கேட்டு முடித்துத்தான் பேச முடியும் என்பதால், கைமாறும் தடவை கூடக்கூட வேகம் சரியும். தூரத்துக் கூடங்களுக்கு இன்னொரு கேட்வே வைப்பதே நல்லது.

தனியாக நிற்கும் கூடங்களுக்கு சிம் போட்டோம். எல்லை ஊர் இது. மோடம் சில நேரம் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், சில நேரம் ஆந்திராவை. மாறி மாறித் தாவுவதிலேயே இணைப்பு அறுந்துபோகும். ஒரே நெட்வொர்க்கில் பூட்டி, ஆன்டெனாவைக் கூரைமேல் ஏற்றியபின் நிலைத்தது.

இன்னும் ஒரு குறை உண்டு. கரண்ட் போகும் நொடியில் மீட்டர் தன் மின்தேக்கியில் மிச்சமிருக்கும் சக்தியில் கடைசியாக ஒரு செய்தி அனுப்பும். நடுவில் கைமாற்ற வேண்டிய மீட்டரும் அதே நொடி அணைந்தால் அது வந்து சேராது. கேட்வேக்கு பேட்டரி வைத்துவிட்டோம்; நடுவழியில் பேட்டரியோடு, தகவலை வாங்கிக் கைமாற்றும் ரிப்பீட்டர் வைக்கும் வேலை அடுத்து.